கரும்பலகையும் கையடக்கக் கணினியும்

தொடக்கப்பள்ளி வகுப்பறை ஒன்றை மனக்கண்ணால் காணுங்கள். சுவரில் கரும்பலகை இருக்கிறது. பிள்ளைகளின் கையில் படம் நிறைந்த பாடநூல் இருக்கிறது. இவ்விரண்டையும் நாம் இயல்பானவை என்று எண்ணுகிறோம். அருகில் ஓர் ஒளித்திரையோ கையடக்கக் கணினியோ இருந்தால், அதை மட்டும் புதுமை என்கிறோம். ஆனால் கரும்பலகையும் ஒரு காலத்தில் புதுமையாகவே வந்தது. படப் புத்தகமும் அவ்வாறே வந்தது. பழமை என்று நாம் இன்று போற்றுவன யாவும் நேற்று எவரோ ஓர் ஆசிரியர் துணிந்து கையாண்ட புதுமைகளே.

தொடக்கப்பள்ளி ஆசிரியர் புதிய முறைகளையும் புதிய கருவிகளையும் ஏற்க வேண்டுமா? ஏற்பதானால் எவ்வாறு ஏற்க வேண்டும்? இவ்வினாக்களைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். ஆசிரியர்களுக்குச் சொல்ல வேண்டியதை மாணவர்களாகிய நம்மிடம் இவர் ஏன் சொல்கிறார் என்று நீங்கள் கேட்கலாம். காரணம் உண்டு. உங்களுள் சிலர் நாளை ஆசிரியராவீர்கள். பலர் பெற்றோராகிப் பள்ளி வாயிலில் நிற்பீர்கள். அன்றியும், பாடம் புரியாமல் விழித்திருந்த நாளின் நினைவு எங்களைவிட உங்களுக்கே பசுமையாக இருக்கும். நான் ஆசிரியப் பயிற்சி பெற்று, 35 ஆண்டுகளுக்கு மேல் சிறு பிள்ளைகளோடு வாழ்ந்து, தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவன். கண்டதையும் கற்றதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலில் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். 1658ஆம் ஆண்டில் கொமேனியஸ் என்னும் கல்வியறிஞர் ஜெர்மனியின் நூரம்பர்க் நகரில் ஒரு நூலை வெளியிட்டார். உலகத்துப் பொருள்களைப் படங்களாகத் தீட்டி, படத்தின் உறுப்புகளுக்கு எண் கொடுத்து, அவ்வெண்களுக்கு உரிய சொற்களை இலத்தீனிலும் ஜெர்மன் மொழியிலும் எழுதியிருந்தார். அதுவரை குழந்தைகள் பொருளைக் காணாமலே சொல்லை உருப்போட்டு வந்தனர். பொருளும் சொல்லும் ஒருசேர உள்ளத்தில் புக வேண்டும் என்பது கொமேனியஸின் கொள்கை. இன்று முதல் வகுப்புப் பாடநூலில் 'அம்மா' என்ற சொல்லின்மேல் தாயின் படம் இருப்பதற்குப் பின்னே அக்கொள்கை நிற்கிறது.

அடுத்த எடுத்துக்காட்டு நம் சென்னையைச் சார்ந்தது. ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1789ஆம் ஆண்டில் எழும்பூரில் இருந்த ஆதரவற்ற சிறுவர் பள்ளியின் மேற்பார்வையை ஏற்றார். ஒருநாள் அவர் குதிரைமேல் செல்லும்போது, நம் நாட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றில் சிறுவர்கள் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். தாள் வேண்டா, மை வேண்டா. பிழை நேர்ந்தால் ஒரு கைவீச்சில் அழித்துவிட்டு மீண்டும் எழுதலாம். இம்முறையைத் தம் பள்ளியிலும் கையாளுமாறு அவர் ஆசிரியரிடம் கூறினார். அது நடவாது என்ற விடையே கிடைத்தது. பெல் தளரவில்லை. ஜான் ஃபிரிஸ்கென் என்னும் எட்டு வயதுச் சிறுவனை அழைத்து, தன்னினும் இளைய பிள்ளைகளுக்கு மணலில் எழுத்துக் கற்பிக்கும் பொறுப்பை அவனிடம் ஒப்படைத்தார். பெரியவர் நடவாது என்றதைச் சிறுவன் நடத்திக் காட்டினான்.

இச்செய்தியைப் பெல் 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். 'சென்னை முறை' என்ற பெயரோடு அது இங்கிலாந்தில் பரவியது. மூத்த மாணவன் இளையவனுக்குக் கற்பிப்பது நம் திண்ணைப் பள்ளிகளுக்குப் புதிதன்று. சட்டாம்பிள்ளை என்ற சொல்லே அதற்குச் சான்று. எனினும் அம்முறையின் பிற்கால வரலாற்றையும் அறிதல் வேண்டும். குறைந்த செலவில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒரே கூடத்தில் அமர்த்தி, இயந்திரம்போல் ஒப்பிக்கச் செய்யும் ஏற்பாடாக அது மாறியது. குழந்தையை மறந்து முறையை மட்டும் காத்தபோது அதன் உயிர் போயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அது அங்கே செல்வாக்கிழந்தது.

மூன்றாவது, கரும்பலகை. அதே நூற்றாண்டின் தொடக்கத்தில் எடின்பரோ உயர்நிலைப்பள்ளியின் தலைவராக இருந்த ஜேம்ஸ் பில்லன்ஸ், பெரிய கரும்பலகையில் வண்ணச் சுண்ணக்கட்டிகளால் நிலப்படம் வரைந்து பூகோளம் கற்பித்தார். அதன் பயன் யாது? ஆசிரியர் வரைவதை எல்லாக் கண்களும் ஒரே சமயத்தில் காண்கின்றன. ஆறு பிறக்கிறது, வளைகிறது, கடலில் கலக்கிறது. பாடம் பிள்ளைகளின் கண்முன் படிப்படியாக வளர்கிறது. அச்சிட்ட படத்தில் முடிவு மட்டுமே இருக்கும். கரும்பலகையிலோ அது உருவாகும் வழியும் தெரியும்.

இம்மூன்றுக்கும் பொதுவான பண்பு ஒன்று உண்டு. ஒவ்வொன்றும் குழந்தையின் முன் நின்ற ஒரு தடையை நீக்கியது. பொருள் தெரியாச் சொல் என்ற தடையைப் படம் நீக்கியது. எழுதிப் பழகச் செலவாகும், பிழைபட்டால் வீணாகும் என்ற தடையை மணல் நீக்கியது. ஆசிரியர் காட்டுவது கடைசி வரிசைக்குத் தெரியவில்லை என்ற தடையைக் கரும்பலகை நீக்கியது. ஆகவே, கல்வியில் புதுமை என்பது குழந்தையின் ஒரு தடையைக் கண்டறிந்து, அதை நீக்கும் வழியைத் தேடுதல் என்று நான் பொருள் கொள்கிறேன். அவ்வழி மணலாகவும் இருக்கலாம், மின்திரையாகவும் இருக்கலாம்.

தடை இன்னதென்று அறியாமல் கருவியை மட்டும் கொண்டு வந்தால் என்ன ஆகும்? அதற்கும் வரலாறு விடை தருகிறது. 1913ஆம் ஆண்டில் தாமஸ் ஆல்வா எடிசன், பள்ளிகளில் இனிப் புத்தகத்திற்கு வேலை இராது, திரைப்படமே எல்லாவற்றையும் கற்பிக்கும் என்று முன்னுரைத்தார். நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் புத்தகம் இருக்கிறது. நம் காலத்திலேயே மற்றொரு சான்றும் உண்டு. தென் அமெரிக்காவில் பெரு நாட்டு அரசு பள்ளிப் பிள்ளைகளுக்கு இலட்சக்கணக்கில் மடிக்கணினிகளை வழங்கியது. நாட்டுப்புறத்துத் தொடக்கப்பள்ளிகள் 319இல் ஆராய்ச்சியாளர்கள் ஒப்பிட்டுப் பார்த்து, 2012இல் முடிவை வெளியிட்டனர். பிள்ளைகள் கணினியை இயக்கப் பழகியிருந்தனர். ஆனால் மொழியிலும் கணக்கிலும் அவர்கள் முன்னேறியதாகச் சான்று கிடைக்கவில்லை. பெட்டி வந்தது, பாடம் மாறவில்லை.

இந்திய நாட்டு அனுபவம் வேறொன்றைக் கற்பிக்கிறது. 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை, அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றின் துணைகொண்டு, ஆறு மாநிலங்களில் 2,400 சிற்றூர்களுக்குத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் அனுப்பப்பட்டன. காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு, மாலையில் பெரியோர்க்கு. அத்திட்டத்தை வகுத்தவர்கள் பிள்ளைகளை மட்டும் எண்ணவில்லை. தொடக்கப்பள்ளி ஆசிரியர் பல்லாயிரவருக்கு அறிவியல் கற்பிக்கும் பயிற்சியையும் அதே தொலைக்காட்சியின் வழியே அளித்தனர். கருவி ஆசிரியரைத் தாண்டிச் செல்லாமல் ஆசிரியரின் வழியாகச் சென்றது.

இதனினும் தெளிவான சோதனை ஒன்று 2015இல் தில்லியில் நடந்தது. நடுநிலைப்பள்ளி மாணவர்களைச் சோதித்தபோது, ஆறாம் வகுப்பில் இருப்பவர் கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தது தெரிந்தது. இந்நிலையில் ஆறாம் வகுப்புப் பாடத்தை எவ்வளவு அழகாக நடத்தினாலும் பயன் என்ன? ஏணியின் கீழ்ப்படி இல்லாதவன் மேற்படியை எவ்வாறு எட்டுவான்? அங்கே பயன்படுத்திய கணினி நிரல், ஒவ்வொரு மாணவனும் எந்தப் படியில் நிற்கிறான் என்பதை அவன் விடைகளிலிருந்தே அறிந்து, அந்தப் படியிலிருந்து தொடங்கியது. நாளொன்றுக்கு 45 நிமிடம் கணினியோடு. மற்றொரு 45 நிமிடம் துணையாசிரியர் ஒருவரோடு சிறு குழுவாக. நாலரை மாதத்தில் கணக்கிலும் இந்தியிலும் அவர்கள் தெளிவாக முன்னேறினர். 2019இல் இம்முடிவு அச்சில் வந்தது. பெருவில் தோற்ற கணினி தில்லியில் வென்றது ஏன்? இங்கே தடை முதலில் கண்டறியப்பட்டது. பக்கத்தில் ஒரு மனிதரும் இருந்தார்.

இனி நம் வகுப்பறைக்கு வருவோம். தமிழில் எழுத்துகள் 247. அவற்றைக் கற்கும் ஐந்து வயதுக் குழந்தைக்கு எங்கே இடறுகிறது? 'கொடி' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒற்றைக்கொம்பு, பின் ககரம், அதன்பின் துணைக்கால். கண் காண்பது மூன்று வடிவம். வாய் ஒலிப்பது ஓர் எழுத்து. அன்றியும், கண்ணுக்கு முதலில் தெரியும் கொம்பு, ஒலியில் ககரத்திற்குப் பின்னரே வருகிறது. பெரியோர்க்கு இது பழகிப்போயிற்று. குழந்தைக்கோ இது பெரும் புதிர். கொம்பையும் காலையும் பிரித்துப் பார்த்து, எதை முதலில் சொல்வது என்று அது திகைக்கிறது.

இத்தடையை நீக்கப் பழைய கருவி ஒன்று உண்டு. அட்டையில் சாளரம்போல் ஒரு துளையிட்டு, மற்றொரு அட்டைப் பட்டையை அதனுள் நகர்த்தினால், கொம்பும் காலும் அப்படியே நிற்க, நடுவில் உள்ள எழுத்து மட்டும் மாறும். கொ, சொ, தொ, பொ என்று குழந்தை தானே கண்டுகொள்ளும். புதிய கருவியும் உண்டு. கையடக்கக் கணினியின் திரையில் குழந்தை எழுத்தைத் தொட்டால் அது ஒலிக்கும். இருபது முறை தொட்டாலும் இருபது முறையும் சலிப்பின்றி ஒலிக்கும். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில், ஒரு குழந்தைக்காக ஆசிரியர் இருபது முறை திருப்பிச் சொல்ல இயலாது. ஆறாம் முறை கேட்கக் குழந்தையும் கூசும். கருவியிடம் அந்தக் கூச்சம் இல்லை. ஒரு விதை முளைப்பதைச் சில நொடிகளில் காட்டுவதும், மலைநாட்டுப் பிள்ளைக்குக் கடலைக் காட்டுவதும் கருவிக்கு எளிது.

ஆயினும் கருவிக்கு எட்டாதது ஒன்று உண்டு. குழந்தை விடை கூறாமல் இருக்கிறது. கணினி 'தவறு' என்று குறித்துக்கொள்ளும்; அவ்வளவே. அது காலையில் உண்ணாமல் வந்ததா, காது மந்தமா, வீட்டில் பேசும் மொழி வேறா, நேற்று வீட்டில் சண்டையா என்பதைக் கணினி அறியாது. தலையைச் சாய்த்து ஒரு காதால் கேட்கும் பிள்ளையை ஆசிரியரின் கண்தான் கண்டுபிடிக்கும். மந்தம் என்று ஒதுக்கப்பட்ட எத்தனையோ பிள்ளைகளுக்கு வேண்டியிருந்தது ஒரு மூக்குக்கண்ணாடி மட்டுமே. எனவே இயந்திரம் வந்தால் ஆசிரியர் தேவையற்றவர் ஆவார் என்ற அச்சத்திற்கு இடமில்லை. திருப்பிச் சொல்லும் வேலையை இயந்திரத்திடம் விட்டு, பிள்ளையின் முகத்தைப் பார்க்கும் நேரத்தை அவர் ஈட்டிக்கொள்ளலாம்.

மின்சாரம் வேண்டாத புதுமைகளையும் மறத்தல் ஆகாது. 2003ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் பதின்மூன்றில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. ஆந்திரத்தின் ரிஷிவேலியில் வளர்ந்த முறையை நம் ஆசிரியர்கள் நேரில் கண்டு, நம் பாடங்களுக்கு ஏற்ப அட்டைகளை உருவாக்கினர். பின்னர் அது மாநிலம் எங்கும் பரவியது. அவ்வகுப்பறையில் ஆசிரியர் பாயில் பிள்ளைகளோடு அமர்ந்தார். சுவரைச் சுற்றிக் குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை தாழ இறங்கியது. பிள்ளைகளின் ஓவியங்கள் தலைக்குமேல் கம்பிப் பந்தலில் தொங்கின. ஒவ்வொரு குழந்தையும் கற்றல் ஏணியில் தன் படியைத் தானே அறிந்தது. உயரத்தில் இருந்த பலகையைத் தாழ்த்தியது மிகச் சிறிய செயல். ஆனால் எழுதும் உரிமை ஆசிரியரிடமிருந்து குழந்தைக்கும் சென்றது அச்செயலால்தான். நோயச்சத்தால் பள்ளிகள் நெடுநாள் மூடிக் கிடந்த பின்னர், 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்திலும், அரும்பு, மொட்டு, மலர் எனக் குழந்தையின் நிலை அறிந்து கற்பிக்கும் அதே கருத்து இருந்தது.

தனி ஓர் ஆசிரியரால் என்ன செய்ய இயலும் என்று சிலர் கேட்பர். மகாராஷ்டிரத்தில் சோலாப்பூர் மாவட்டத்தைச் சேர்ந்த பரிதேவாடி என்னும் சிற்றூரின் தொடக்கப்பள்ளிக்கு ரஞ்சித்சிங் டிசலே 2009இல் ஆசிரியராகச் சென்றார். பிள்ளைகளின் வீட்டு மொழி கன்னடம். பாடநூலின் மொழி வேறு. அவர் தாமே கன்னடம் கற்றார். பாடங்களைப் பிள்ளைகளின் மொழியில் ஆக்கினார். பாடநூலில் கியூ.ஆர். குறியீட்டை இணைத்தார். அச்சதுரத்தைச் செல்பேசியால் நோக்கினால் பாட்டும் கதையும் விளக்கமும் வரும். பின்னர் மகாராஷ்டிர அரசு அம்முறையைத் தன் பாடநூல்களில் ஏற்றது. தமிழ்நாட்டின் புதிய பாடநூல்களிலும் 2018 முதல் அக்குறியீடுகள் இடம்பெற்றன. 2020இல் அவருக்கு உலகளாவிய ஆசிரியர் பரிசு கிடைத்தது. பரிசுத் தொகையில் பாதியை இறுதிச் சுற்றுக்கு வந்த மற்ற ஒன்பது ஆசிரியர்களோடு அவர் பகிர்ந்துகொண்டார். அவருடைய கருவியைப் புகழ்வோர், முதலில் அவர் கன்னடம் கற்றதை மறந்துவிடுதல் கூடாது.

புகழ்பெற்றவர் செய்தது மட்டும் புதுமையன்று. என்னோடு பணிபுரிந்த அம்மையார் ஒருவர். ஓய்வுபெற மூன்று ஆண்டுகளே இருந்தன. புதிய கருவி என்றால் அவருக்கு விருப்பமில்லை. பேச மட்டுமே செல்பேசி வைத்திருந்தார். அவர் வகுப்பில் ஒரு சிறுவன் சொல் சொல்லாக நிறுத்தி நிறுத்திப் படிப்பான். எத்தனை முறை சொல்லியும் மாறவில்லை. ஒருநாள் அவன் படிப்பதைச் செல்பேசியில் பதிவு செய்து, அவனுக்கே போட்டுக் காட்டினார். தன் குரலைக் கேட்ட சிறுவன் வியந்தான். "டீச்சர், இன்னொரு தடவை படிக்கட்டுமா?" என்று தானே கேட்டான். அன்று முதல் வாரந்தோறும் பதிவு, வாரந்தோறும் ஒப்பீடு. அந்த ஆண்டு முடிவதற்குள் அவன் கதைப் புத்தகத்தைத் தங்குதடையின்றிப் படித்தான். அவனைக் கண்டு மற்றப் பிள்ளைகளும் பதிவுக்கு வரிசையில் நின்றனர். பின்னர் அந்த அம்மையாரே பக்கத்துப் பள்ளி ஆசிரியைகளுக்கு இம்முறையைக் கற்பித்தார்.

ஆசிரியர்கள் தயங்குவதற்குக் காரணம் இல்லாமலில்லை. பதிவேடுகளும் புள்ளிவிவரங்களும் அவர்கள் நேரத்தை உண்கின்றன. ஒரு திட்டம் வேரூன்றுவதற்குள் மற்றொன்று வருகிறது. கருவி பழுதானால் செப்பனிட ஆளில்லை. பிள்ளைகள்முன் கைதவறினால் மதிப்புக் குறையுமோ என்ற அச்சமும் உண்டு. முதல் மூன்றையும் தீர்ப்பது ஆட்சியாளர் கடன். அதை ஆசிரியரின் சோம்பல் என்று பழித்தல் நேர்மையன்று. கடைசி அச்சத்தைத் தீர்ப்பது ஆசிரியரின் கையில் உள்ளது. "இது எனக்குத் தெரியவில்லை, சேர்ந்து கற்போம்" என்று ஆசிரியர் சொல்லும்போது, கற்றல் எப்படி நடக்கிறது என்பதைப் பிள்ளை நேரில் காண்கிறது. அதைவிடச் சிறந்த பாடம் வேறில்லை.

புதுமையைத் தொடங்க விரும்பும் ஆசிரியருக்கு நான் கூறும் வழி எளிது. வகுப்பில் ஒரே ஒரு தடையைத் தேர்ந்தெடுங்கள். அதற்கேற்ற ஒரு வழியை இரண்டு வாரம் செய்து பாருங்கள். தொடங்குமுன் எத்தனை பிள்ளைகள் இடறினர், பின் எத்தனை பேர் என்று ஒரு தாளில் குறியுங்கள். பயன் கண்டால் உடன் பணிபுரிவோரிடம் சொல்லுங்கள். இல்லையேல் விட்டுவிட்டு வேறொன்றை நாடுங்கள். எச்சரிக்கையும் வேண்டும். திரையின்முன் சிறு பிள்ளையை நெடுநேரம் அமர்த்தலாகாது. ஓடி விளையாடுவதும் மண்ணைத் தொடுவதும் கல்வியே. பிள்ளைகளின் படங்களையும் பெயர்களையும் பொதுவெளியில் பரப்பலாகாது. செயற்கை நுண்ணறிவு எழுதித் தரும் விடையில் பிழையும் உண்மைபோல் தோன்றும். ஆசிரியர் சரிபார்த்த பின்னரே அது பிள்ளையிடம் செல்ல வேண்டும். வீட்டில் கருவி இல்லாத பிள்ளைக்குப் பள்ளியில் முதலிடம் கொடுக்க வேண்டும். பள்ளிகள் மூடியிருந்த 2020ஆம் ஆண்டிலும் அதற்கடுத்த ஆண்டிலும், செல்பேசி இல்லாத வீட்டுப் பிள்ளைகள் எவ்வளவு இழந்தனர் என்பதை நாம் கண்டோம்.

மாணவர்களே, மூன்றாம் வகுப்பை முடிப்பதற்குள் எழுத்துக் கூட்டிப் படிக்க வராத குழந்தைக்கு, அதன்பின் ஒவ்வொரு பாடமும் மூடிய கதவாகிறது. கணக்கு வினாவையும் அதனால் படிக்க இயலாது; அறிவியலையும் படிக்க இயலாது. அக்குழந்தை உங்கள் தெருவிலும் இருக்கலாம். உங்கள் கையில் உள்ள செல்பேசியால் ஒரு கதையைப் பதிவு செய்து அதற்குக் கேட்கச் செய்ய உங்களால் இயலும். ஓர் அட்டையில் துளையிட்டு, கொ, சொ, தொ, பொ என்று நகர்த்திக் காட்டவும் இயலும். நீங்கள் படித்த பள்ளிக்குச் சென்று, புதிய கருவியை இயக்கத் தயங்கும் ஆசிரியர் அருகே அரைமணி நேரம் அமர்ந்து உதவுங்கள். எட்டு வயது ஃபிரிஸ்கென் செய்ததை உங்களால் செய்ய இயலாதா?